விலைச் சீட்டின் பின்னே விளையாடும் கை



ஒரே ஆலை, ஒரே எஃகு, ஒரே நான்கு சக்கரம். ஆனாலும் கடல் தாண்டியதும் காரின் விலை மாறிவிடுகிறது! இங்கே ஒரு விலை, கொழும்பிலே ஒரு விலை, சிங்கப்பூரிலே மலைக்க வைக்கும் விலை! ஏனய்யா இந்த வேற்றுமை என்று கேட்டால், “சந்தை நிர்ணயிக்கிறது” என்று பொருளாதாரப் புலவர்கள் புன்னகை பூக்கின்றனர். சந்தையாம், சந்தை! அந்தச் சந்தைக்கு முகமில்லையா? முகவரி இல்லையா?

உண்டு என்பதைத் தூத்துக்குடி உலகுக்கு முன்பே காட்டியிருக்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளையர் கம்பெனி என்ன செய்தது? கொழும்புக்குக் கட்டணம் ஒரு ரூபாய் என்று இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணா என்றது. உடனே, “இலவசமாகவே வாருங்கள், குடையும் தருகிறோம்” என்றனர் வெள்ளையர்! நிலக்கரியின் விலை ஒரே இரவில் இறங்கிற்றா? கடலின் தூரம் சுருங்கிற்றா? இல்லை. எதிரியை வீழ்த்த வேண்டியிருந்தது, விலை வீழ்ந்தது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. அதன் பிறகு எவருக்கேனும் குடை கிடைத்ததா?

விலை என்பது உற்பத்திச் செலவின் கணக்கு மட்டுமன்று, அதிகாரத்தின் கணக்கு. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டு காருக்கு வாருங்கள்.

மன்னார் வளைகுடாவின் மறுகரையிலுள்ள இலங்கை, அந்நியச் செலாவணி வற்றியதால் 2020 மார்ச்சில் கார் இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், ஓடித் தேய்ந்த பழைய கார்கள் வாங்கிய விலையைவிட மிகுந்த விலைக்குக் கைமாறின! வழி திறந்தபோதோ, சுங்கவரி, அதன் மேல் உபரி வரி, எக்சைஸ் வரி, ஆடம்பர வரி, மதிப்புக் கூட்டு வரி என்று அடுக்கடுக்காக ஏற்றப்பட்டன. சிங்கப்பூரிலோ, காரைப் பத்தாண்டு வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டையே ஏலம் விடுகின்றனர். 2023 அக்டோபரில் சிறிய காருக்கான சீட்டே ஓர் இலட்சம் வெள்ளியைத் தாண்டியது! இரும்பின் விலையா இது? நாட்டின் தேவை எது, நெருக்கடி எது என்று கருதி அரசு எழுதும் விலை.

அரசு விலையை எழுதுவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. வரியே கூடாது என்று வாதாடுவோர் வெள்ளையரின் இலவசக் குடைக்கு ஏங்குவோர்! நம் கேள்வி வேறு. எழுதப்படும் விலையில் எவருக்கு எவ்வளவு பங்கு?

2025ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தைப் பாருங்கள். 40,000 டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் காருக்கு, அட்டவணையில் 125 விழுக்காடாக இருந்த அடிப்படைச் சுங்கவரி 70 ஆயிற்று. குறைத்துவிட்டனர் என்று கைதட்டுமுன் அடுத்த வரியைப் படியுங்கள்! வேளாண்மையின் பெயரால் 40 விழுக்காடு செஸ் சேர்ந்தது. கூட்டினால் 110. அடிப்படைச் சுங்கவரி, மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் தொகுப்பில் சேரும். செஸ் அதில் சேராது, டில்லியின் பெட்டியிலேயே தங்கும். பெயர் உழவனுக்கு, பணம் டில்லிக்கு!

“கார் வாங்குபவன் செல்வன், உழைப்பவனுக்கு அதனால் என்ன?” என்று கேட்பீர்கள். கேளுங்கள் தோழர்களே, இதே வித்தை டீசலிலும் நடந்தது. 2021ஆம் ஆண்டுத் திட்டத்தில் டீசலின் அடிப்படை எக்சைஸ் வரி லிட்டருக்கு 4 ரூபாய் 83 காசிலிருந்து 1 ரூபாய் 80 காசாயிற்று; அதே மூச்சில் 4 ரூபாய் செஸ் வந்தது. தூத்துக்குடி விசைப்படகின் தொட்டியில் ஊற்றப்படும் டீசலுக்கு விலை குறையவில்லை. குறைந்தது மாநிலத்தின் பங்கு! செல்வனின் காரில் செய்ததும் மீனவனின் படகில் செய்ததும் ஒன்றே.

இப்போது சிலாநத்தத்துக்கு வாருங்கள். 2025 ஆகஸ்டு 4 அன்று வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை அங்கே திறக்கப்பட்டது. சிப்காட் நிலத்தில் 400 ஏக்கருக்கு மேல். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார் செய்யும் திறன். அடுத்த மாதமே அதன் விஎஃப் 6 கார் 16 இலட்சத்து 49 ஆயிரம் ரூபாய்த் தொடக்க விலையில் வந்தது. முழுக் காராக இறக்கினால் சுங்கம் மலைபோல் ஏறும். பாகங்களாகக் கொணர்ந்து இங்கே பூட்டினால் சுமை குறையும். வியட்நாம் கம்பெனி நம் கரைக்கு வந்ததில் இந்தக் கணக்குக்குப் பெரும்பங்கு உண்டு. வரட்டும்! வரவேற்போம். ஆனால் நிலம் தமிழ்நாட்டினுடையது. துறைமுகச் சாலையின் நெரிசலும் தண்ணீர்த் தேவையும் தூத்துக்குடி மக்கள் தலையில். பூட்டும் வேலையோடு நின்றால் நமக்குக் கூலி மட்டுமே மிஞ்சும். பாகங்களும் இங்கேயே உருவானால்தான் தொழில் வேரூன்றும்.

இந்தக் கரையின் பழங்கதை அதுதானே! சிலோன் முத்துக் குளிப்பில் மூச்சடக்கி மூழ்கியவனுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. கரையில் நின்ற துரைத்தனத்துக்கு இரண்டு பங்கு. முத்துக் குளிப்பு நின்றுவிட்டது; அந்தப் பங்கீட்டின் புத்தி நிற்கவில்லை.

ஆகவே, ஊர்தோறும் கூறுங்கள்: செஸ் தொகையையும் பகிர்வுத் தொகுப்பில் சேர்! ஆலை கேட்கும் சலுகைக்கு ஈடாக உள்ளூர் வேலையையும் உள்ளூர் உதிரிப்பாகத் தொழிலையும் உறுதி செய்! விலைச் சீட்டை எழுதும் கை எதுவாயினும், அதில் நம் பங்கை எழுத வைப்பது நம் குரல்தான். அக்குரல் துறைமுக வாயிலிலும் ஆலை வாயிலிலும் ஒலிக்கட்டும்!