வருமானமும் ஒரு இணைநோய்தான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பாங்கில் சேர்ந்து, மாற்றலாகி மாற்றலாகி மும்பை செம்பூரில் வந்து விழுந்தவன். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்குத் தெரிந்த மருத்துவம் என் சுகர் மாத்திரை மட்டும்தான் :-) 33 வயதில் வந்தது. கூடவே பி.பி.யும்.

போன வாரம் பழைய ஃபைல்களைக் கழித்துப் போடும்போது ஒரு காகிதம் அகப்பட்டது. 2021 மார்ச்சில் கொரோனா தடுப்பூசிக்காக டாக்டரிடம் வாங்கிய சான்றிதழ். ஞாபகம் இருக்கிறதா? மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், 45 முதல் 59 வரை உள்ளவர்களில் இணைநோய் இருப்பவர்களுக்கும் ஊசி என்றார்கள். அதற்கு 20 நோய்கள் கொண்ட ஒரு பட்டியல். வெறும் சுகர் போதாது. பத்து வருடத்துக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது அதனால் வேறு சிக்கல் வந்திருக்க வேண்டும். பி.பி.க்கும் மருந்து சாப்பிட வேண்டும். எனக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. சுகரால் வந்த முதல் லாபம்!

அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு இணைநோயைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன்.

எங்கள் கிளையில் ஒரு செக்யூரிட்டி இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் வீடு. ஐம்பது வயது. நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னை சார் என்பார். 2020 ஏப்ரலில் ஊரே அடைந்து கிடந்தபோதும் பாங்க் திறந்திருந்தது. பெண்களின் ஜன்தன் கணக்கில் அரசு 500 ரூபாய் போட்டது. அதை எடுக்க வாசலில் கூட்டம். நான் பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி சானிடைசர் பாட்டிலோடு கூட்டத்துக்கு நடுவே நின்றார். நிற்கச் சொன்னது நான்தான்.

ஜூனில் ஒரே வாரத்தில் இருவருக்கும் காய்ச்சல்.

எனக்குத் தனி அறை, அதிலேயே பாத்ரூம். ஆக்ஸிமீட்டர் வாங்கியாயிற்று. போனில் டாக்டர். ஆறாம் நாள் அளவு 93க்கு இறங்கியதும் ஆஸ்பத்திரி. ஒன்பது நாளில் வீடு. இன்ஷூரன்ஸ் கட்டியது. சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை.

அண்ணாச்சிக்கு ஒரே அறை. அதில் ஐந்து பேர். வெளியே பொதுக் கழிப்பறை. மூன்று நாள் காய்ச்சலை யாரிடமும் சொல்லவில்லை. "வரலைன்னா சம்பளம் கட் சார்" என்றார் பிறகு. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுகர் 400க்கு மேல். அதுவரை அவர் சுகர் டெஸ்ட் எடுத்ததே இல்லை. 23 நாள் கழித்துத் திரும்பினார். அவர் இடத்தில் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே வைரஸ், ஒரே சுகர். வித்தியாசம் எங்கே?

2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். அதில் செம்பூர் மேற்கும் ஒன்று. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்குக் கொரோனா வந்துபோன அடையாளம் இருந்தது. மற்ற குடியிருப்புகளில் 16 பேருக்கு. வைரஸ் வருமானச் சான்றிதழ் கேட்காதுதான். ஆனால் எந்த வீட்டுக்குள் போவது சுலபம் என்று அதற்குத் தெரியும்.

இன்னொரு பக்கம், தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்று அதே 2020இல் வெளிவந்தது. இறந்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோயாவது இருந்தது. முதலிடம் சுகருக்கு.

முதல் கணக்கை வருமானம் என்றும் இரண்டாவதை நோய் என்றும் தனித்தனி லெட்ஜரில் எழுதிவிடுகிறோம். என் கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். சுகர் இருப்பது வேறு, இருப்பது தெரிவது வேறு, தெரிந்து கட்டுக்குள் வைப்பது வேறு. பின்னிரண்டுக்கும் காசும் லீவும் வேண்டும். 'பணக்கார வியாதி' என்ற பேச்சும் இனி எடுபடாது. 2023இல் வெளியான ஆய்வுப்படி நாட்டில் சுகர் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. அத்தனை பணக்காரர்கள் நம்மிடம் ஏது?

குடிசைப் பகுதிகளில் இறப்பு விகிதம் குறைவுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கே இளவயதினர் அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால் அது அண்ணாச்சி வயதுக்காரர்களுக்கு ஆறுதல் இல்லை. சராசரி ஒருவரையும் காப்பாற்றாது.

இப்போது என் பக்கத்துத் தப்பு. காண்ட்ராக்டரின் மாத பில்லில் நான்கு வருடம் கையெழுத்துப் போட்டவன் நான். அதில் இ.எஸ்.ஐ. என்று ஒரு வரி உண்டு. கூட்டல் சரியா என்று பார்த்தேனே தவிர, அண்ணாச்சியிடம் கார்டு இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கான திட்டம் அது. முறையாகக் கட்டியிருந்தால் நோய்க் காலத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைத்திருக்கும். அது தெரிந்திருந்தால் அந்த மூன்று நாள் அவர் ஒளித்திருக்க மாட்டார். அவரிடம் கார்டு இல்லை.

ஊரை விட்டு வந்து நாலு காசு பார்க்கும் நாம், நம் வீட்டு வேலைக்கார அம்மாவுக்கும் வாட்ச்மேனுக்கும் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு. வருடத்துக்கு ஒரு முறை சுகர், பி.பி. டெஸ்ட். கம்பெனி மூலம் வருகிறவர் என்றால் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று ஒரு கேள்வி. அடுத்த நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பி.கு.: அண்ணாச்சி இப்போது மச்சான் கடையில் உட்காருகிறார். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுதேன் சார்" என்றார். மருந்துச் சீட்டில் தினமும் என்றுதான் எழுதியிருக்கிறது.