பாதையில் தெளிக்கும் உப்புநீரும் பக்கத்து வயலும்

பூமிக்கடியிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுக்குமிடங்களில் அவற்றோடு உப்புநீரும் மேலெழும்புவது இயல்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அமெரிக்காவிலுள்ள பென்ஸில்வேனியா, ஓஹியோ மாகாணங்களின் எண்ணெய்க்கிணற்று நீரோ பெரும்பாலும் அதனினும் பன்மடங்கு உவர்ப்புடையது. இதை ஆழத்தில் மீண்டும் செலுத்துவதற்கும், சுத்தி செய்வதற்கும் பணம் செலவாகும். ஆதலால், வேனிலில் புழுதி அடங்கவும், குளிர்காலத்தில் பனிக்கட்டி உருகவும் இந்நீரைக் கிராமத்து மண்பாதைகளிலும் சரளைப் பாதைகளிலும் தெளிக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருந்து வந்தது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் எளியது. புழுதியடக்கும் கால்ஷியம் குளோரைடை விலைக்கு வாங்கச் சிறு ஸ்தல ஸ்தாபனங்களிடம் போதிய பொருளில்லை. உப்புநீரோ இனாமாகவோ சொற்ப விலைக்கோ கிடைக்கிறது. புழுதி பயிரின் இலையில் படிவதும், வீட்டினுள் புகுவதும் மெய்யான தொல்லைகளே. எனினும், இந்நீர் அத்தொல்லையைத் தீர்க்கிறதா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

களர் நிலத்தைத் திருத்தி அனுபவமுள்ள குடியானவர்க்கு இது எளிதில் விளங்கும். கால்ஷியம் களிமண் துகள்களை ஒன்றுசேர்க்கும். சோடியம் அவற்றைப் பிரித்துவிடும். களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுவது இக்காரணம் பற்றியே. மேலும், கால்ஷியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து மண்ணை நனைவாக வைக்கும்; சாதாரண உப்புக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. எண்ணெய்க்கிணற்று நீரிலோ சோடியமே மேலோங்கி நிற்கிறது. வணிகத்தில் விற்கும் சரக்குகளைப்போல் இந்நீர் புழுதியை அடக்குவதில்லை என்று பென்ஸில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலையார் 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் காட்டிற்று.

பயன் குறைவாயிருக்க, தீங்கு சிறிதன்று. மழை பெய்யுங்கால் உப்பு பாதையை விட்டு ஓடைக்கும் வயலுக்கும் செல்லும். அதனுடன் ரேடியம் என்னும் கதிர்வீசும் பொருளும் கலந்திருப்பதுண்டு. அது கால்ஷியத்தை ஒத்த குணமுடையதாகையால் உடலினுட்சென்றால் எலும்பில் தங்கும். அதன் முக்கிய வகை பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் செல்லும். 2008 முதல் 2014 வரை பென்ஸில்வேனியாவில் பாதைத் தெளிப்பினால் வெளிப்பட்ட ரேடியம், எண்ணெய்க் கழிவுநீரைச் சுத்தி செய்யும் நிலையங்களினின்று வெளிப்பட்டதைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்டதென 2018-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது.

அம்மாகாண சர்க்கார் அவ்வாண்டிலேயே புழுதிக்காகத் தெளிக்கும் அனுமதியை நிறுத்தினர். ஆயினும், கழிவு என்னும் பெயரை விடுத்து உடன்விளைபொருள் என்னும் பெயரால் தெளிப்பு பின்னரும் நடந்ததுண்டு. பெயரை மாற்றுவதால் நீரின் குணம் மாறாது.

உண்மையில் இது பாதைக்குச் செய்யும் உதவியன்று; கிணற்றுக்காரர் ஏற்கவேண்டிய செலவைப் பக்கத்து வயலின்மேல் சுமத்துவதேயாகும். வயலுக்குடையவர் சம்மதம் கேட்கப்படுவதுமில்லை. ஆகவே, சோடியமும் ரேடியமும் எவ்வளவென்று ஒவ்வொரு கிணற்று நீரையும் சோதித்து, தீங்கின்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு கொடுப்பவருடையதாதல் வேண்டும். மெய்ப்பிக்கும்வரை தெளிப்பைத் தடுத்தலே முறை. சிறு ஸ்தாபனங்களுக்குத் தக்க சரக்கு வாங்க மாகாணப் பொருளுதவியும் வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. அது மாட்டுக்குப் பொருந்தலாம், கழிவுநீருக்குப் பொருந்தாது.