பாம்பே பி-யா, பாண்டி பி-யா?

புதுச்சேரியில் பல வீடுகளில் பெற்றோர் இங்கே, பிள்ளைகள் பாரீஸில். அம்மாவின் இமெயில், அப்பாவின் ஷேர் கணக்கு என எல்லாவற்றுக்கும் உதவி வருவது வீடியோ காலில்தான். பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது பூட்டாக ஆதென்டிகேட்டர் ஆப் போடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. ஆனால் வீட்டில் ஒரே போன், கோடு தெரிவதும் அதே போனில் என்றால் எப்படி ஸ்கேன் செய்வது? அப்போது கைகொடுப்பது 'செட்டப் கீ' எனும் ரகசியச் சாவி. பெரும்பாலும் 16 அல்லது 32 எழுத்துகள். இந்தச் சாவியையும் அந்த நேரத்தையும் வைத்துத்தான் ஆப் 30 விநாடிக்கு ஒரு 6 இலக்க எண்ணைத் தருகிறது.

ஒரே போன் என்றால் தட்டச்சு செய்யவே வேண்டாம். காப்பி செய்து பேஸ்ட் செய்யுங்கள். மகன் பாரீஸிலிருந்து வாசிக்க, நீங்கள் டைப் செய்வதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

* சாவியில் 0, 1, 8, 9 வரவே வராது. பூஜ்யம் போலத் தெரிந்தால் அது ஓ. ஒன்று போலத் தெரிந்தால் ஐ அல்லது எல்.

* 2-க்கும் இசட்டுக்கும், 5-க்கும் எஸ்ஸுக்கும் குழப்பம் வரலாம். இவை எல்லாமே சாவியில் வரக்கூடியவை. ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

* நம் காதுக்கு இரண்டு 'பி', இரண்டு 'டி'. 'பாம்பே பி, பாண்டி பி. டெல்லி டி, டேபிள் டி' என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

* நான்கு நான்காகப் பிரித்து வாசியுங்கள். கூகுள் தரும் சாவியில் இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான்.

* சாவியின் வகை கேட்டால் 'டைம் பேஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு எழுத்து தப்பினாலும் ஆப் பல நேரம் எதுவும் சொல்லாது. சாவி சரிதானா என்று சோதிக்கும் வசதி அந்தச் சாவிக்குள் இல்லை. தவறான சாவிக்கும் 6 இலக்க எண் ஜோராக வரும், கணக்குதான் திறக்காது. அதனால் அந்த எண்ணை இணையதளத்தில் போட்டு, ஏற்றுக்கொண்ட பிறகே பக்கத்தை மூடுங்கள். சாவி சரியாக இருந்தும் ஏற்கவில்லையா? போனில் நேரம் 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கிறதா பாருங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் ரிசர்வ் வங்கி விதிகளும், டிஜிட்டல் பணப் பரிவர்த்தனையில் எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. தவிர்த்த வழிகளுக்கு இடம் தருகின்றன. இரண்டாவது பூட்டைப் பழகிக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. சாவி கிடைத்தவர் அதே எண்ணைத் தன் போனிலும் வரவழைக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். 'கஸ்டமர் கேர்' என்று கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஒரு தாளில் எழுதி, நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். போன் தொலைந்தால் பல கணக்குகளை அந்தத் தாளே மீட்டுத் தரும்.