பரோட்டா மாஸ்டரும் எக்ஸ்ரே சீட்டும்

குற்றால சீஸனில் வரிசையில் நிற்பது ஒரு சுகம். மெயின் அருவியில் போலீஸ்காரர் ‘நகரு... நகரு’ என்று விரட்டினாலும், உச்சந்தலையில் தொம்மென்று தண்ணீர் விழுந்ததும் கோபமெல்லாம் இறங்கிவிடும். வினை அதற்கப்புறம்தான் வந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த மச்சினன், பாசியில் வழுக்கி விழுந்தான். கணுக்கால் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது.

தென்காசிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். (பெயர் எதற்கு? நாளைக்கு எனக்கும் ஜுரம் வரும்!) டோக்கன் வாங்கியபோது காலை மணி 9.10. பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கணக்கெழுதத் தோன்றும். சீட்டின் பின்புறம் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன்.

டாக்டர் பார்த்தது 4 நிமிடம். எக்ஸ்ரே 3 நிமிடம். கட்டுப் போட 5 நிமிடம். மொத்தம் 12 நிமிட வைத்தியம். வெளியே வந்தபோது மணி 12.50!

மீதி 208 நிமிடம் எங்கே போனது? டோக்கன் ஒரு மூலை. பணம் கட்ட எதிர் மூலை. எக்ஸ்ரே பின்கட்டில். படத்தோடு திரும்பி வந்தால் மறுபடியும் முதல் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். நடக்க முடியவில்லை என்று வந்தவனை நடக்க வைத்தே பார்த்தார்கள். “அத்தான், இப்படி நடந்தா கட்டே வேண்டாம் போலிருக்கே” என்றான் மச்சினன்.

இத்தனைக்கும் அங்கே யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. டாக்டர் தலை நிமிரவில்லை. நர்ஸம்மா காலையிலிருந்து ஓட்டம்தான். பாதி ஓட்டம் ஃபைலைத் தேடி. மீதி, கத்தரிக்கோலைத் தேடி!

பக்கத்து பெஞ்சில் பீடி சுற்றும் ஒரு அக்கா. மூன்று வாரமாக இருமலாம். பதினொன்றரைக்கு எழுந்துவிட்டார்.

“இருங்கக்கா, கூப்பிட்டுருவாங்க” என்றேன்.

“ஆயிரம் சுத்துனாத்தான் கூலி தம்பி. பெஞ்சுல இருந்ததுக்கு எவன் தருவான்?”

போயே போய்விட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசாங்கமே சொல்கிற விதி. டாக்டருக்கு இந்தச் செய்தி போகவே இல்லை. பெஞ்சு திருப்பி அனுப்பிவிட்டது.

அன்று ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டா. கூட்டமோ கூட்டம். ஆனால் ஒருத்தர் உருண்டை பிடிக்க, ஒருத்தர் வீச, ஒருத்தர் கல்லில் போட, ஒருத்தர் அடுக்கித் தட்ட... யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில். மாஸ்டர் அதைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடவில்லை.

இதைத்தான் ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனியின் டாயிச்சி ஓனோ என்ற இன்ஜினீயர் வேறு பாஷையில் சொன்னார். தொழிலில் ஏழு வகை வீண் உண்டு என்று பட்டியல் போட்டார். காத்திருப்பதும், தேவையில்லாமல் நடப்பதும் அதில் உண்டு. வீணை வெட்டினால் வேலை தானாக ஓடும். இதற்கு இன்று ‘லீன்’ என்று பெயர்.

“மனுஷன் என்ன பரோட்டாவா அத்தான்? அவசரப்பட்டு வைத்தியம் பார்த்தா விளங்குமா?” என்றான் மச்சினன். நியாயமான கேள்வி. பதில் மதுரையில் இருக்கிறது.

எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கண் ஆப்பரேஷன் செய்யப் பழகிக்கொண்டார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அவரை யோசிக்க வைத்தது அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் கடை! எந்த ஊர் கிளையிலும் ஒரே தரம், ஒரே ஒழுங்கு. கண் வைத்தியத்தில் ஏன் முடியாது என்று கேட்டார்.

அங்கே ஆப்பரேஷன் அறையில் இரண்டு மேஜை. ஒன்றில் டாக்டர் கண்புரையை எடுக்கும்போதே அடுத்த நோயாளி பக்கத்து மேஜையில் தயார். கருவிகளும் தயார். கிராமத்துப் பெண்களைப் பயிற்சி கொடுத்து எடுத்து, மற்ற வேலைகளை அவர்கள் கையில் கொடுத்தார்கள். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியது மட்டும் டாக்டருக்கு. அவர் கை அவசரப்படுவதில்லை. சும்மா இருப்பதும் இல்லை. அதனால்தான் காசு கொடுக்க முடியாத லட்சக்கணக்கான பேருக்கு அங்கே பார்வை கிடைத்தது. நம் திருநெல்வேலிக் கிளை வந்தது 1988-ல்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் வர்ஜீனியா மேஸன் ஆஸ்பத்திரிக்காரர்கள் 2002-ல் டொயோட்டா முறையைக் கற்க ஜப்பானுக்கே போனார்கள். ஒரு புற்றுநோயாளி எங்கெல்லாம் நடக்கிறார் என்று, கட்டட வரைபடத்தின் மேல் நீல நூலை ஓட்டிப் பார்த்தார்கள். நூல் போய்க்கொண்டே இருந்தது! அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

நம் ஊருக்கு ஜப்பான் டிக்கெட் வேண்டாம். ஒரு நூல்கண்டு போதும். எக்ஸ்ரே வாசலிலேயே பணம் வாங்கலாம். படத்தோடு வருகிறவரை வாலில் நிறுத்தாமல் உள்ளே விடலாம். டோக்கன் கொடுக்கும்போதே “எத்தனை நாளா இருமல்?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். இதற்கெல்லாம் யோசனை சொல்ல வெளியாள் வேண்டாம், அந்த நர்ஸம்மாவைக் கேட்டாலே கொட்டுவார்.

காத்திருப்புக்கு எந்த ஆஸ்பத்திரியும் பில் போடுவதில்லை. அதனால் அது செலவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பீடிக்கார அக்காவின் கணக்கில் அது ஒரு நாள் கூலி. சமயத்தில் அதைவிடப் பெரிசு.

நீங்களும் அடுத்த தடவை சீட்டின் பின்புறம் நேரத்தை எழுதுங்கள். போகும்போது ஆபீஸில் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் கொடுத்தேன். மேனேஜர் மரியாதையாக வாங்கிப் படித்தார். யோசித்தார். சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“கரெக்ட் ஸார். ஆனா இதுக்குன்னு தனி ஃபாரம் இருக்கு. மூணாவது கவுன்ட்டர்... வரிசையில நின்னு வாங்கிக்குங்க!”