சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம். திருவண்ணாமலைக்கு ஆறு மணி நேரமா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் ஏறினால் நாலரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். அதே சென்னையிலிருந்து திருவண்ணாமலை, நேர்கோட்டில் அளந்தால் சுமார் 160 கிலோமீட்டர்தான். ரயில் ஏறினால் ஆறு மணி நேரம்!

இது மிகைப்படுத்திச் சொல்வது இல்லை. 2024 மே மாதம், வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிய சென்னை கடற்கரை மெமு ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். மாலை 6 மணிக்குக் கிளம்பி நள்ளிரவு 12 மணிக்கு மேல் வந்து சேரும் என்று அட்டவணை போட்டார்கள். அப்போது கட்டணம் வெறும் 50 ரூபாய். கிரிவலம் வரும் பக்தர்களுக்கும், வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சென்னை போகும் நம்ம ஜனங்களுக்கும் அது பெரிய உதவி. அதை மறுக்கவில்லை. ஆனால் ஏன் ஆறு மணி நேரம்?

குறை வண்டியில் இல்லை, வழியில்தான் இருக்கு. அரக்கோணம், காட்பாடி, வேலூர்னு சுத்திக்கிட்டு வருது. விழுப்புரம் வழியா வந்தாலும் சுத்துதான். நேர்வழி எது? திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை. சுமார் 70 கிலோமீட்டர் புதிய பாதை. 2006-07லேயே ஒப்புதல் கிடைத்த திட்டம் இது. அன்னைக்குப் பிறந்த குழந்தை இன்னைக்கு ஓட்டுப் போடுது. ரயில் மட்டும் வரவில்லை. கோட்டைக்குப் பேர்போன செஞ்சிக்கு இன்னும் ஒரு ரயில் நிலையம்கூட இல்லை.

தடை எங்கே? ரயில்வே அமைச்சகம் சொன்ன கணக்குப்படி, இந்தப் பாதைக்குத் தேவையான நிலம் 273 ஹெக்டேர். கையகப்படுத்தியது 33 ஹெக்டேர் மட்டும். மத்திய அரசைக் கேட்டால் "நிலம் வரலை" என்கிறார்கள். மாநில அரசைக் கேட்டால் "நிதி வரலை" என்கிறார்கள். நடுவுல நிக்கிறது நாமதான்.

"விமான நிலையம் கேட்கலாமே?" என்று சிலர் சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க. 160 கிலோமீட்டரைப் பறந்து கடக்க அரை மணி நேரம் போதும். ஆனால் விமான நிலையம் போய்ச் சேர, சோதனைக்கு வரிசையில் நிற்க, பெட்டி வாங்கி வெளியே வர எத்தனை மணி நேரம்? டிக்கெட் விலை யாருக்குக் கட்டும்? பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் வரும் மக்களைச் சுமக்க ரயிலால்தான் முடியும்.

ஆகவே நம் கோரிக்கை மூன்று:

1. மீதமுள்ள நிலத்துக்கு, விவசாயிக்கு நியாயமான விலையைக் கொடுத்து, மாநில அரசு காலக்கெடுவோடு கையகப்படுத்த வேண்டும். விவசாயி வயிற்றில் அடித்து வரும் ரயில் நமக்கு வேண்டாம்.

2. பட்ஜெட்டில் பெயருக்கு ஒரு தொகை எழுதாமல், பாதை முடியும் அளவுக்கு மத்திய அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

3. அதுவரை, சென்னையிலிருந்து காலையில் கிளம்பிப் பகலிலேயே வந்து சேரும் ரயில் ஒன்று தினமும் வேண்டும்.

நள்ளிரவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்தில் இறங்கும் தாய்க்கு இது அரசியல் இல்லை, அன்றாடப் பாடு. ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "மீதி 240 ஹெக்டேர் எப்போ?"

பகிருங்கள், சொந்தங்களே. பதில் வரும்வரை கேட்போம்!

#திண்டிவனம்_திருவண்ணாமலை_ரயில்