தேனீக்குக் கணக்கு உண்டு, நமக்கு?



கொழுந்து மலையில் குளவி கொட்டி நம் பெண்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நிலையில், சங்கப் பத்திரிகையில் தேனீயைப் பற்றி எழுத வேண்டுமா என்று சிலர் கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும். ஒரு மருந்தை விற்பனைக்கு விடுமுன் தேனீயிடம் என்னென்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், நம்மிடம் எதையெல்லாம் பார்க்காமல் விடுகிறார்கள் என்பதும் தெரியும்.

பல நாடுகள் பின்பற்றும் சோதனை முறை 1998இலேயே எழுதப்பட்டது. கூண்டுக்குப் பத்துத் தேனீக்கள். சில கூண்டுகளுக்கு மருந்து கலந்த சீனிப்பாணி, சிலவற்றுக்கு வெறும் சீனிப்பாணி. இன்னொரு சோதனையில் தேனீயின் முதுகில் மருந்துத் துளி வைக்கப்படும். 4 மணி, 24 மணி, 48 மணி நேரத்தில் செத்தவற்றை எண்ணுவார்கள். உயிரோடு இருப்பவை தடுமாறினால் அதையும் எழுதுவார்கள். சாவு கூடிக்கொண்டு போனால் 96 மணி நேரம் வரை பார்ப்பார்கள். 2013இல் தேனீயின் புழுக்களுக்கும் தனிச் சோதனை வந்தது. வெளியே போன தேனீ நஞ்சைக் கூட்டுக்குக் கொண்டுவரும் அல்லவா!

நம் மலையில் என்ன நடக்கிறது? டாங்கியை முதுகில் சுமந்து நாள் முழுக்க மருந்தடித்தவர் மாலையில் தலைசுற்றி உட்கார்ந்தால் அதை எழுத ஒரு ஏடு இல்லை. மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் செக்ரோலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். வகுப்பில் தேனீயைப் பற்றிப் படிப்பித்தபோது ஒரு பிள்ளை எழுந்து சொன்னாள்: “அப்பா மருந்தடிச்ச சட்டையையும் என் யூனிபோமையும் அம்மா ஒரே பேசின்லதான் ஊறப்போடுவாங்க, சேர்.” தேனீயின் குஞ்சுக்குச் சோதனை உண்டு. இந்தப் பிள்ளைக்கு இல்லை.

48 மணி நேரத்தில் சாகவில்லை என்றால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. கிளைபோசேட்டை எடுத்துக்கொள்வோம். 2015இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப வந்தது. 48 மணி நேரச் சோதனையில் அது தேனீயைச் சுலபமாகக் கொல்வதில்லை. ஆனால் அதே 2018இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அது தேனீயின் குடலில் உள்ள நல்ல பக்டீரியாக்களைக் குறைக்கிறது. பிறகு நோய்க்கிருமி தொற்றினால் அதிக தேனீக்கள் சாகின்றன. மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. தொடர்ந்து பார்த்ததால்தான் அது தெரிந்தது என்கிறோம். நம்மை யார் தொடர்ந்து பார்க்கிறார்கள்?

“பதிவாளர் அனுமதித்த மருந்துதானே” என்று நிர்வாகம் சொல்லும். டைமெதோயேட், பெந்தியன், பரகுவாட் மூன்றும் அனுமதியோடுதான் விற்கப்பட்டன. மனித உயிர்கள் போன பிறகே 2008 தொடக்கம் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அதோடு, அனுமதி என்பது லேபலில் எழுதியபடி பாவிப்பதற்கே. கையுறை, முகக்கவசம், சப்பாத்து என்று லேபலில் இருந்தும் அவற்றைக் கொடுக்காத தோட்டம் அந்த அனுமதியைக் காட்டி நம் வாயை அடைக்க முடியாது.

ஆகவே நாம் கேட்பது இவை:

மருந்தடிப்பவர்களுக்கு வருடம் ஒருமுறை, பெயர் வெட்டாமல், தோட்டச் செலவில் வைத்தியப் பரிசோதனை.

டாங்கியில் கலக்குமுன் லேபலைத் தமிழில் வாசித்துக் காட்டுதல்.

வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீர், சவர்க்காரம். மருந்துச் சட்டையைத் தோட்டத்திலேயே கழுவ இடம்.

களை பூக்குமுன் அடித்தல். பூத்த களையில் தேனீ இருக்கும். நம் லயத்துப் பூசணி காய்க்கவும் அந்தத் தேனீ வேண்டும்.

நிர்வாகம் ஏடு திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குவோம். திகதி, மலை இலக்கம், மருந்தின் பெயர், அடித்தவர் பெயர், அன்றும் அடுத்த நாட்களிலும் உடம்புக்கு என்ன செய்தது என்று எழுதுவோம். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதுவார்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தக் கொப்பியோடு போவோம்.