கூறைச் சேலைக்கு எது விலை?

பேரனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகருக்கு அர்ச்சனை செய்துவிட்டு நாங்கள் பள்ளத்தூர் திரும்பிய அன்று மாலையே, வளவில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் போடத் தொடங்கினோம். நோட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டதும் முதல் வரியிலேயே பேச்சு நின்றுவிட்டது. முகூர்த்தச் சேலை!

மணப்பெண்ணுக்குக் கூறைச் சேலை எடுக்க வேண்டியவர்கள் நாங்கள். பேரன் தயங்காமல், "ஒரு லட்சம் எழுதுங்கள், அப்பத்தா" என்றான். பணத்துக்கு வழி என்ன என்று கேட்டேன். கடன் வாங்கலாம், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்றான். அதன்பின் அவன் சொன்ன சொல்தான் என்னைச் சுட்டது. "இவ்வளவு பெரிய வீட்டிலிருந்து சாதாரணச் சேலை போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

செட்டிநாட்டில் வீட்டின் அளவைக் கொண்டு வருமானத்தை அளக்க முடியாது. ஐம்பது தூண் நிற்கும் வீட்டுக்குள் ஓய்வூதியத்தை நம்பி ஒரு கட்டில் மட்டும் விளக்கேற்றி வாழும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அது எங்களுக்குத் தெரியும். ஆயினும் கல்யாணம் என்று வந்தால் அந்தத் தூண்களுக்காகவே செலவு செய்கிறோம்.

பேரன் சொன்ன அதே வார்த்தையை முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லியிருக்கிறேன். என் மகன் திருமணத்தில், மருமகளுக்குச் சரிகை கனத்த பட்டுத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். என் கணவர் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சேலை வந்தது. ஊரார் தொட்டுப் பார்த்து வியந்தார்கள். என் மனமும் குளிர்ந்தது. வெள்ளிக் குடமும் இரண்டு தாம்பாளமும் அடகுக்குப் போயிருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவற்றை மீட்க நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு தீபாவளிக்கும் அவர் தமக்கென்று புது வேட்டி எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அவர் இல்லை. அன்று அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு என் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

நான் இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே மருமகள் எழுந்து உள்ளே போனாள். அந்தச் சேலையை எடுத்து வந்து என் மடியில் விரித்தாள். மடிப்பு மடிப்பாகப் பட்டு இற்றுப்போயிருந்தது. சரிகை கறுத்திருந்தது. "கனம் தாங்காமல் இரண்டு முறைதான் உடுத்தினேன், அத்தை" என்றாள். அவள் குரலில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே எனக்கு மேலும் வலித்தது.

கூறைக்குப் புனிதம் எங்கிருந்து வருகிறது என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். ஆண்டாள் நாச்சியார் தாம் கண்ட திருமணக் கனவை நாச்சியார் திருமொழியில் பாடுகிறார். அங்கே மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்துபவள் துர்க்கை. உடுத்துவது மந்திரக்கோடி, அதாவது மந்திரத்தால் தூய்மை பெற்ற புத்தாடை. புதியதாக இருக்க வேண்டும், மந்திரத்தோடும் வாழ்த்தோடும் அணிவிக்கப்பட வேண்டும். அவ்வளவே இலக்கணம். அம்மன் சந்நிதியிலும் இதையே காண்கிறோம். ஒருவர் பட்டுச் சாத்துகிறார். மற்றொருவர் நூல் சேலை சாத்துகிறார். இருவருக்கும் காட்டப்படும் தீபாராதனை ஒன்றுதான்.

காஞ்சி மகா பெரியவர் இதில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒரு பட்டுச் சேலைக்காக ஆயிரக்கணக்கான புழுக்கள் கொல்லப்படுவதை எடுத்துக்காட்டி, திருமணத்திலும் பட்டைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தினார். வசதி உள்ளவர்கள் ஆடம்பரம் செய்வதைப் பார்த்து இல்லாதவர்களும் கடனில் விழுகிறார்கள் என்பது அவருடைய கவலை. ஆகவே வசதி உள்ளவர்களே முதலில் எளிமைக்கு வர வேண்டும் என்றார்.

நம் பழைய வழக்கமும் இதற்கு முரணானதன்று. மயிலாடுதுறையின் ஒரு பகுதியாகிய கூறைநாடு, மணப்பெண்ணின் கூறைச் சேலைக்குப் புகழ்பெற்ற ஊர். அந்தச் சேலை பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்யப்படுவது. எங்கள் பக்கத்துக் கண்டாங்கியோ முழுப் பருத்தி. அகலமான கரையும் கட்டமும் கோடுமாகக் காரைக்குடிப் பகுதித் தறிகளில் நெய்யப்படும் அதற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மறுநாள் காலை பேரனையும் மருமகளையும் அழைத்து உட்கார வைத்தேன். மூவரும் சேர்ந்து சில முடிவுகளை எழுதினோம். பேரன் பேத்திக்குச் சேலை எடுக்கவிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, தொகையைக் கடைக்குப் போகும் முன்பே வீட்டில் முடிவு செய்ய வேண்டும். கையில் இருக்கும் பணத்திலிருந்துதான் அது வர வேண்டும். கடையில் உட்கார்ந்ததும் அந்தத் தொகையைச் சொல்லி, அதற்குள் இருப்பதை மட்டும் காட்டச் சொல்ல வேண்டும். உயர்ந்த விலைச் சேலையை ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு மற்றவை எல்லாம் கண்ணுக்கு மங்கிவிடும்.

இரண்டாவது, கூட்டமாகப் போகக் கூடாது. மணப்பெண்ணும் இரு வீட்டுப் பெண்களில் ஒவ்வொருவரும் போதும். பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும். ஆடியில் முகூர்த்தச் சேலை எடுக்க மனம் ஒப்பாதவர்கள் தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் எடுக்கலாம். 1935-இல் தொடங்கிய நம் கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமாகிய கோ-ஆப்டெக்ஸிலும் அப்போது தள்ளுபடி உண்டு.

மூன்றாவது, பட்டுத்தான் எடுப்பதென்றால் மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த பட்டு முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசல் சரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. இப்போது விலை குறைந்த சரிகையும் நிறைய வருகிறது. அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதற்குரிய விலைதான் கொடுக்க வேண்டும். எந்தச் சரிகை என்பதைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டுப் போலத் தோன்றும் செயற்கை இழைச் சேலையை மட்டும் முகூர்த்தத்துக்குத் தவிர்த்துவிடுங்கள். பெண் ஓமகுண்டத்தின் அருகே அமர்கிறாள். அந்தத் துணி நெருப்புப் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது, எடுக்கும் சேலையை அவள் இன்னும் பத்து நல்ல நாளிலாவது உடுத்துவாளா என்று அவளையே கேட்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கேள்வியை எங்கள் வீட்டுக்கு வரப்போகும் பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டேன். சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு மெல்ல, "எனக்குக் கனமான சேலை பழக்கமில்லை. நீங்கள் தப்பாக நினைப்பீர்களோ என்றுதான் சொல்லாமல் இருந்தேன்" என்றாள். பெரிய வீடு என்று அஞ்சி அவள் அங்கே வாய் திறக்கவில்லை. பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி இவன் இங்கே கடனுக்கு நின்றான். இரு பக்கமும் அச்சமே தவிர, அந்த லட்சம் ரூபாய்ச் சேலையை விரும்பியவர் ஒருவருமில்லை.

அவளே வந்து தேர்ந்தெடுத்தாள். அரக்கு நிறத்தில் கட்டம் போட்ட, பட்டும் பருத்தியும் கலந்த சேலை. மறுவீட்டுக்கு மஞ்சளில் ஒரு கண்டாங்கி. இரண்டும் சேர்ந்து பதினான்காயிரம் ரூபாய் ஆயிற்று. எங்கள் தெருக் கோயிலில் பூத்தொடுக்கும் அம்மாளின் மகளுக்கும் தை மாதத்தில் கல்யாணம். அவளுக்கும் ஒரு முகூர்த்தச் சேலை எடுத்தோம். கடன் விண்ணப்பத்தைப் பேரன் கிழித்துப் போட்டான்.

சேலையின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, சுவாமி அறையில் விளக்கின் முன் வைத்தேன். பக்கத்தில் என் கணவரின் படம் இருக்கிறது. முப்பது ஆண்டு பாரத்தில் ஒரு பங்காவது அன்று இறங்கியது.

என் வயதை ஒத்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இளையவர்கள் தாமாகச் செலவைக் குறைத்தால் கஞ்சத்தனம் என்று பேசுவோர் உண்டு. பெரியவர் ஒருவர் சொன்னால் அதுவே குடும்ப வழக்கமாகிவிடும். ஆகவே "இது போதும்" என்ற சொல் முதலில் நம் வாயிலிருந்து வரட்டும். கூறை உடுத்தி வரும் பெண் கடன் இல்லாத வீட்டில் வலக்காலை எடுத்து வைக்கட்டும். கற்பக விநாயகர் துணை நிற்பார்.